உன் ஆயில் பாட்டில்கள் வந்து சேர்ந்தன

அன்புள்ள கலா,

இங்கே எல்லோரும் நலம். பானுவுக்கு உடுமலைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. அவளே உன்னிடம் சொல்வாள், புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொள். விஜி டீச்சர் உன்னை விசாரித்தார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ ஹூஸ்டனிலிருந்து கொடுத்தனுப்பி, உன் தம்பி துண்டில் சுற்றிக் கொண்டுவந்த மூன்று பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு உன் அப்பா போன வாரம் பொள்ளாச்சியிலிருந்து என் ஆயில் கடைக்கே வந்துவிட்டார். அதே மாருதி 800-ல்தான். "கலா அனுப்பியிருக்கா. பழைய வண்டிக்குன்னே அங்க தனியா ஆயில் இருக்காம். இதையே ஊத்தச் சொல்லும்மா" என்றார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பாட்டிலைக் காட்டினார். ஏழாம் வகுப்பில் சைக்கிள் செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டவள் இன்று கடல் கடந்து என்ஜின் ஆயில் அனுப்புகிறாள் என்று எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் அனுப்புவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே கலா! நான் இருபத்து நாலு மணி நேரமும் ஆயில் வாசத்திலேயே இருக்கிறவள்.

நீ அனுப்பியது நல்ல ஆயில், அதில் சந்தேகமே இல்லை. இந்த 'ஹை மைலேஜ்', அதாவது நிறைய தூரம் ஓடிய வண்டிக்கான, வகையை முதலில் கொண்டுவந்தது வால்வோலைன். 2000-இல் மேக்ஸ்லைஃப் என்ற பெயரில் விட்டார்கள். அப்புறம் காஸ்ட்ரால், மொபில், பென்ஸாயில் என்று எல்லோரும் வந்தார்கள். 75,000 மைல், நம் கணக்கில் ஏறக்குறைய 1,20,000 கிலோமீட்டர், தாண்டிய என்ஜின்களுக்கு இது. வருஷக்கணக்கில் சூட்டில் வெந்த ரப்பர் சீல்கள் சுருங்கி, கல் மாதிரி ஆகிவிடும். அவற்றைக் கொஞ்சம் உப்பவைத்து இளக்குகிற மருந்து இதில் உண்டு. கசடைக் கரைக்கும் பொருளும், தேய்மானத்தைத் தடுக்கும் பொருளும் சாதாரண ஆயிலைவிடப் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்.

அப்பாவின் வண்டிக்கு நான் யோசித்தது கிரேடை வைத்துத்தான். நீ அனுப்பியது 5டபிள்யூ-30. அதில் டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் கிளம்பும்போது ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு. பின்னால் இருப்பது என்ஜின் சூடேறியபின் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. இத்தனை வருஷம் ஓடித் தேய்ந்து இடைவெளி விட்டுப்போன என்ஜின் அது. சித்திரை வெயிலில், ஏசி போட்டுக்கொண்டு, கோவை உக்கடம் சிக்னலில் நிற்கும்போது முப்பது மெலிசு. என் கடையில் 800-க்கு 20டபிள்யூ-40 தான் போகிறது, அதுவே அந்த வண்டிக்குப் பொருந்தும்.

அதைவிட முக்கியம், அப்பாவின் வண்டியில் ஆயில் ஏன் குறைந்துகொண்டே வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். இதை நான் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். "இருக்கறதுலயே கெட்டியா ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். புகை கொஞ்ச நாள் அடங்கும். உள்ளே இருக்கிற கோளாறு அப்படியேதான் இருக்கும். பழைய வண்டியை விற்பவர்கள் இப்படிக் கெட்டி ஆயிலை ஊற்றித்தான் தள்ளிவிடுகிறார்கள். வாங்குகிறவர் யாரோ ஓர் ஏழை டிரைவராக இருப்பார். எனக்கு வயிறு எரியும்.

மெக்கானிக் மணி அண்ணனை வரச்சொல்லிப் பார்த்தோம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலப் புகை ஒரு மூச்சு வருகிறது, பிறகு சுத்தமாகிவிடுகிறது. அப்படியென்றால் வால்வு சீல்தான் போயிருக்கிறது. இரவெல்லாம் வால்வுத் தண்டு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஆயில் இறங்கி, காலையில் எரிகிறது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருந்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் புகை வரும். இருந்தாலும் உறுதி செய்துகொள்ள அண்ணன் பிளக்கைக் கழற்றிக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், பார்த்தார். குறைவாகக் காட்டினால் பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அப்போது அளவு ஏறினால் ரிங்தான் குற்றவாளி. அப்பாவின் வண்டியில் அந்த ஸ்பூனுக்கே வேலை வரவில்லை, மூன்று சிலிண்டரும் நன்றாக இருக்கின்றன. எனக்கு அவ்வளவு நிம்மதி!

சீல் மாற்றியாகிவிட்டது. என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கவே இல்லை. பிளக் ஓட்டை வழியாகக் காற்றடித்து, அந்த அழுத்தத்தில் வால்வு உள்ளே விழாமல் நிற்கவைத்து, ஸ்பிரிங்கைக் கழற்றி ஒவ்வொன்றாகப் போட்டார் அண்ணன். நாள் முழுக்கப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். இந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன, கலா.

புது ஆயில் 20டபிள்யூ-40 தான் ஊற்றினோம். அப்பாவின் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. அதனால், இனிக் குறைகிறதை ஈடுகட்ட உன் பாட்டிலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொள்ளலாம் என்று சொன்னேன். சமாதானத்துக்குச் சொன்னதில்லை, தரமான ஆயில்கள் கலந்தால் ஒன்றும் ஆகாது. ஆயில் அளவு பார்க்கும் குச்சியில் மேல்கோட்டைத் தாண்டி மட்டும் ஊற்ற வேண்டாம், உள்ளே சுற்றும் கிராங்க் தண்டு அடித்து ஆயில் நுரைத்துவிடும் என்று எச்சரித்தேன். ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருட்டிவிட்டால் அவருக்கு எதிரே வரும் விளக்கு கூசுகிறது. கேட்டால் "அதெல்லாம் இல்லம்மா" என்கிறார். அன்று வேலை முடியத் தாமதமானதும் என் தம்பியை ஓட்டவைத்துத்தான் அனுப்பினேன். கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். நான் சொன்னால் சிரித்துவிட்டுப் போகிறார், நீ சொன்னால்தான் கேட்பார். வண்டியைத் திரும்பவும் பதிவு செய்யும் கட்டணத்தை 2022 ஏப்ரலிலேயே 5,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். கட்டணத்தைக் கட்டி, எஃப்சி என்கிற தகுதிச் சான்று வாங்கி, அடுத்த ஐந்து வருஷத்துக்கு ஓட்டுவேன் என்கிறார். ஓட்டட்டும், பகலில் ஓட்டட்டும்.

சரி, உன் ஹூஸ்டன் வண்டிக்கு வருகிறேன். 1,70,000 மைல் ஓடியிருக்கிறது, ஆயில் மாற்றுவதற்குள் குச்சியில் கீழ்க்கோட்டுக்கு வந்துவிடுகிறது என்று எழுதியிருந்தாய். கடை அலமாரியில் ஐந்து பாட்டில், எதை எடுப்பது என்று கேட்டாய். பெயரைப் பார்க்காதே. உன் வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடு, பாட்டிலின் பின்னால் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தர வட்டத்துக்குள் எஸ்பி அல்லது அதற்குப் பின் 2025-இல் வந்த எஸ்க்யூ, இந்த இரண்டும் இருந்தால் போதும். எஸ்பி 2020-இல் வந்தது. ஒரே 30 என்று போட்டிருந்தாலும் எல்லாம் ஒரே கெட்டி இல்லை. 100 டிகிரி சூட்டில் கெட்டித்தன்மை 9.3-லிருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் எங்கே இருந்தாலும் அது 30 தான். ஹை மைலேஜ் வகை பெரும்பாலும் அதில் மேல்பக்கமாக இருக்கும். அதனால்தான் கிரேடை மாற்றாமலே கொஞ்சம் குறைவாக எரியும். தரையில் சொட்டுகிற வண்டி என்றால் மேக்ஸ்லைஃபோ காஸ்ட்ரால் ஜிடிஎக்ஸ் ஹை மைலேஜோ எடு. சொட்டில்லாமல் எரிகிறதென்றால் ரிங்கில் கரி பிடித்து ஒட்டியிருக்கலாம். அதற்கு 2024-இல் வால்வோலைன் ரீஸ்டோர் அண்ட் ப்ரொடெக்ட் என்று ஒன்று விட்டிருக்கிறார்கள். தொடர்ந்து நான்கு முறை மாற்றினால் பிஸ்டன் கரி போய்விடும் என்பது அவர்கள் சொல்வது. தேய்ந்துபோன ரிங்கை எந்த ஆயிலும் வளர்க்காது. ஒட்டிய ரிங் என்றால் முயன்று பார்க்கலாம், நான் உன் இடத்தில் இருந்தால் அதைத்தான் வாங்குவேன். என்ஜின் ஃப்ளஷ் என்று யாராவது விற்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. கசடு பெயர்ந்து போய் ஆயில் பம்ப் சல்லடையை அடைத்தால் என்ஜினே போய்விடும்.

இதற்கெல்லாம் முன்னால், என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றுகிற பிசிவி வால்வைப் பார்க்கச் சொல். சின்னப் பொருள், விலையும் குறைவு. அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலைச் சீல் வழியாகவும் தள்ளும், எரியவும் வைக்கும். பாதிப் பேர் அதைப் பார்க்காமலே ஆயிலை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். உன் மகன் அந்த வண்டியில்தானே இனி காலேஜுக்குப் போகப்போகிறான்? சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி அணைக்க வேண்டும், வீடுவரை ஓட்டிவிடலாம் என்று நினைக்கக் கூடாது என்று அவனிடம் சொல்லு.

வண்டிப் புத்தகத்தில் ஆயில் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. காலையில் கிளப்புவதற்கு முன், சமதரையில் நிறுத்தி, குச்சியைப் பார்த்து அதையும் எழுது. அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய். கண்ணைப் பற்றி நான் சொன்னதாகச் சொல்லாதே.

அன்புடன்,
சுமதி