எண்ணுக்கும் பெயருக்கும் இடையே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டுப்பற்று குறித்துத் தங்கள் இதழில் நடந்துவரும் விவாதத்தைத் தவறாமல் படித்துவருகிறேன். பிள்ளையைப் படைக்கு அனுப்பிய குடும்பங்களின் நாட்டுப்பற்று கேள்விகளுக்கு அப்பாற்பட்டது என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பாராட்டாகவே எழுதியிருக்கிறார் என்றாலும், அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் மகன் தரைப்படையில் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கேள்விகள் எனக்குத் தொடங்கியதே அன்றிலிருந்துதான்.

அதற்கு முன்பெல்லாம், எல்லையில் மோதல் என்று செய்தி வந்தால், பதிலடி போதாது என்று தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து உரக்கப் பேசியவர்களில் நானும் ஒருவன். அன்று 'படை' என்ற சொல்லுக்கு முகம் கிடையாது. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால், விடுப்பு முடிந்து கிளம்பும் விடியற்காலையில் வாசற்படியில் உட்கார்ந்து, எங்களை நிமிர்ந்து பார்க்காமல், காலணிக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்த ஒரு முதுகுதான் என் கண்முன் வந்து நிற்கிறது.

ஒரு நாள் மாலை, அவன் பணியாற்றும் பகுதியில் மூன்று வீரர்கள் உயிரிழந்தார்கள் என்று செய்தி வந்தது. குடும்பத்தாருக்குத் தகவல் சேரும் வரை பெயர்களை வெளியிடாமல் இருப்பது பல நாட்டுப் படைகளிலும் உள்ள வழக்கம், நல்ல வழக்கம்தான். ஆனால் எண் வந்து பெயர் வராத அந்த நேரத்தை, அந்தப் பகுதியில் பிள்ளையை வைத்திருக்கும் ஒவ்வொரு வீடும் தனித்தனியாகக் கடக்க வேண்டியிருக்கிறது. அவனுடைய கைப்பேசி அணைந்திருந்தது. தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் மனைவி எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் நின்றாள். திறந்து பார்க்க மட்டும் அவளுக்குத் துணிவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் பெயர்கள் வந்தன. அவற்றில் எங்கள் மகனின் பெயர் இல்லை. "அப்பாடா" என்றேன். அது யார் வீட்டுச் சாவின் மேல் நான் விட்ட மூச்சு என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அந்த மூன்று பெயர்களையும் திரும்பத் திரும்பப் படித்தேன், இன்றும் மறக்கவில்லை. நாடு என்று யாராவது சொன்னால், நிலப்படத்தைவிட முன்னதாக அந்த மூன்று வீடுகள்தான் இப்போது என் நினைவுக்கு வருகின்றன.

இந்த இரட்டை மனம் எங்களுக்கு மட்டும் உரியதன்று. 1917-இல், இரு மகன்களைப் போர்முனைக்கு அனுப்பியிருந்த அமெரிக்கப் படை அதிகாரி ஒருவர், வீட்டுச் சன்னலில் தொங்கவிடுவதற்கென ஒரு சிறு கொடியை வடிவமைத்தார். பணியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு நீல நட்சத்திரம். அவர் இறந்துவிட்டால் அதன்மேல் பொன்னிற நட்சத்திரம். பெருமையையும் அச்சத்தையும் ஒரே துணியில் தைத்துத் தொங்கவிட்டவர்கள் அந்தக் குடும்பத்தார். பிரிட்டனில் போரில் இறந்தோர் நினைவாகச் சிவப்புப் பாப்பி மலர் அணியும் வழக்கம் வேரூன்றியிருந்த காலத்தில், 1933-இல், கூட்டுறவு மகளிர் அமைப்பு ஒன்று வெள்ளைப் பாப்பியை அறிமுகப்படுத்தியது. இனியொரு போர் வேண்டாம் என்பதே அதன் பொருள். அந்தப் பெண்களில் பலர் முதல் உலகப் போரில் கணவனையோ மகனையோ உடன்பிறந்தவனையோ பறிகொடுத்தவர்கள். அவர்களுக்கு நாட்டுப்பற்று இல்லை என்று சொல்லும் தகுதி யாருக்கு இருக்கிறது?

என் மகன் தன் பணியை நேசிக்கிறான். அவனை எண்ணி நான் பெருமைப்படுகிறேன். கொடி ஏறும்போது முன்னைவிட நிமிர்ந்தே நிற்கிறேன். அவன் போக வேண்டிய தேவை உண்மையிலேயே வந்தால், போகாதே என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் அனுப்புகிறவர்கள் வேறு வழிகளையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார்களா, அவனுக்குக் கொடுத்திருக்கும் தலைக்கவசம் குண்டைத் தாங்குமா, காயம்பட்டுத் திரும்புகிறவனை ஐந்து ஆண்டுகள் கழித்தும் யாராவது நினைத்துப் பார்ப்பார்களா என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. முன்பு எனக்கு இவை தோன்றியதே இல்லை; கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லாத காலம் அது.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. உயிரிழப்புச் செய்திகளில், குடும்பத்தாருக்குத் தகவல் சேர்ந்தது உறுதியாகும் வரை படைப்பிரிவின் பெயரையோ முகாமின் பெயரையோ வெளியிடாதீர்கள். வீரரின் தாயோ மனைவியோ போரைப் பற்றிக் கேள்வி எழுப்பினால், துயரத்தில் பேசுகிறார் என்று ஒதுக்கிவிடாமல், அமைச்சர்களின் பதிலுக்கு ஒதுக்கும் அதே பக்கத்தில் அவர் கேட்டதையும் முழுமையாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஒரு படைவீரனின் தந்தை