படகில் எங்களுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு,

யாழ்ப்பாணத்துத் தீவுகளைச் சுற்றிப்பார்த்து, 'ஒரே நாளில் நயினாதீவும் நெடுந்தீவும்' என்று இப்போது ஆளாளுக்கு வீடியோ போடுகிறார்கள். பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. நெடுந்தீவில் சின்னதாக ஒரு சாமான் கடை வைத்திருப்பவள் என்ற முறையில், அந்த வீடியோக்களில் வராத சிலதைச் சொல்ல விரும்புகிறேன்.

வேலணை, புங்குடுதீவு, காரைநகர், மண்டைதீவு எல்லாவற்றுக்கும் கடலுக்குக் குறுக்கே தாம்போதி வீதி இருக்கிறது, பஸ்ஸிலேயே போய்விடலாம். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு நான்குக்கும் கடல்தான் வழி. என் கடைக்கு வரும் அரிசி, மா, சீனி, சவர்க்காரம் எல்லாம் புங்குடுதீவுக் குறிகட்டுவான் துறையில் இறங்கி, படகேறித்தான் எங்கள் மாவிலித்துறைக்கு வருகின்றன. சுற்றிப்பார்க்க வருபவர்களுக்கு அது கடல் சவாரி. எங்களுக்கு அதுதான் பஸ், அதுதான் லொறி.

நயினாதீவுப் பக்கம் பெரிய சிக்கல் இல்லை. கொஞ்ச நேர ஓட்டம். அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் போகிறவர்களுக்காகப் படகுகள் அடிக்கடி ஓடும். நெடுந்தீவு அப்படியில்லை. திறந்த கடலில் ஒரு மணித்தியாலம் போகவேண்டும், சேவையும் குறைவு. நீண்ட விடுமுறை வந்தால் கொழும்பு, கண்டி, வெளிநாடு என்று எங்கிருந்தோ கூட்டங்கூட்டமாக வந்து விடியவே ஏறிவிடுகிறார்கள். பின்னேரம் திரும்பும்போதும் அதே கதை. போன தைப்பொங்கல் விடுமுறையில், கிளினிக் துண்டும் மருந்துப் பையுமாகக் குறிகட்டுவானில் நின்ற எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு இருக்க இடமில்லை. ஒரு பொடியன் எழும்பி இடம் கொடுத்தான், அவன் நல்லாயிருக்க வேண்டும். ஆனால் என் சீனி மூட்டை அடுத்த நாள்தான் வந்தது.

வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வருகிறவர்களால் ஓட்டோக்காரருக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் எனக்கும் நாலு காசு கிடைக்கிறது. ஆனால் இரண்டு தீவையும் ஒரே பகலில் அடக்கப் பார்த்தால் எதையும் பார்த்ததாக இராது. எங்கள் தீவு பெரியது. முருகைக்கல்லில், அதாவது பவளப்பாறைக் கல்லில், கட்டிய பழைய கோட்டை, பெருக்க மரம், வெடியரசன் கோட்டை, புறாக்கூடு, தெற்கு வெளியில் குதிரைகள் என்று இடங்கள் சிதறிக்கிடக்கின்றன. திரும்பும் படகைப் பிடிக்கிற அவசரத்தில் ஓட்டோவை விட்டு இறங்காமலே படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களை நான் கடை வாசலிலிருந்து பார்க்கிறேன். குதிரைகளுக்கு பிஸ்கட் எறிகிறார்கள். வரட்சியில் அதுகள் தண்ணீருக்கு அலைகிற பாட்டைப் பார்த்தவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள். எங்கள் வேலிச் சுவர்களுக்குச் சாந்து கிடையாது, முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதுதான். ஏறி நின்றால் சரியும். பிறகு யார் அடுக்குவது?

இன்னொன்று, காற்று. வைகாசி தொடங்கி ஆவணி வரை சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று. அந்த மாதங்களில் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. அன்றிரவே கொழும்பு பஸ்ஸுக்கு ரிக்கெற் எடுத்து வைத்தவர்கள் துறையில் நின்று படகுக்காரரோடு சண்டை பிடிக்கிறார்கள். இந்தக் கடலில் பிடிவாதம் சரிவராது. அது மட்டுமில்லை, 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன எங்கள் சனத்தை நடுக்கடலில் வெட்டிக் கொன்றார்கள். அந்த வழியால்தான் எல்லோரும் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்பதையாவது தெரிந்துகொண்டு வரட்டும்.

பொறுப்பானவர்களிடம் கேட்பது இதுதான். விடுமுறை நாட்களில் சுற்றுலாவுக்கென்று தனிப் படகு விடுங்கள். கட்டணத்தைக் கூட்டி வைத்தாலும் வருகிறவர்கள் கொடுப்பார்கள், ஊர்ப் படகுக்காரருக்கும் பிழைப்பு. வழமையான சேவையில் நோயாளிகள், பள்ளிப் பிள்ளைகள், தீவில் குடியிருப்பவர்கள் ஏறிய பிறகு மற்றவர்களை ஏற்றுங்கள். குறிகட்டுவான் துறையில், புறப்படும் நேரத்தையும் கடைசியாகத் திரும்பும் படகின் நேரத்தையும் மூன்று மொழியிலும் பெரிதாக எழுதி வையுங்கள். இப்போது அதை ஆளாளுக்கு என் கடையில் வந்துதான் கேட்கிறார்கள்.

ஆனியில் நயினாதீவு அம்மன் திருவிழா. கூட்டமும் சோளகமும் ஒன்றாக வரும். அந்தப் பலகையையாவது அதற்கு முன்னம் வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சாமான் கடை வைத்திருக்கும் ஒரு வாசகி,
நெடுந்தீவு