பதினாறாம் சேனலைக் காலியாக விடுங்கள்: மீனவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர்களுக்கும் படகு ஓட்டுநர்களுக்கும் வணக்கம்.

கையடக்க வி.எச்.எஃப். வாக்கி டாக்கி இன்று சிறிய பைபர் படகிலும் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அதில் எப்படிப் பேசுவது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. செட் பழுது பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். "சரியாகக் கேட்கவில்லை" என்று வரும் செட்டுகளில் பலவற்றில் கோளாறே இருப்பதில்லை.

முதலில் சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். ஆபத்துக்கும் முதல் அழைப்புக்கும் உலகம் முழுக்க ஒதுக்கியது இது. கடலோரக் காவல்படையும் கப்பல்களும் காது கொடுத்திருப்பது இங்கேதான். இதில் மீன் விலையும் ஊர்க்கதையும் பேசக் கூடாது. இந்த செட்டுகள் வேலை செய்யும் எஃப்.எம். முறையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் பலமான சிக்னல் மெலிந்ததை அமுக்கிவிடும். பக்கத்துப் படகின் அரட்டைக்கு அடியில், தூரத்தில் தண்ணீர் ஏறும் படகின் கூப்பாடு காணாமல் போகும். 16-இல் கூப்பிட்டு ஆளைப் பிடித்ததும், ஏற்கெனவே பேசி வைத்த வேறு சேனலுக்குப் போய்விடுங்கள். சேனல் 70 வேண்டாம், அது டிஜிட்டல் அழைப்புக்கு மட்டும்.

பேச அழுத்தும் பட்டன் தானாக அழுந்திக் கிடப்பது இன்னும் மோசம். செட்டைக் கயிற்றுக் குவியலுக்குள் சொருகினால் இது நடக்கும். அக்கம்பக்கத்தில் யாராலும் அந்தச் சேனலில் பேச முடியாது. அனுப்பும் விளக்கு எரிகிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

பேசும் முன் கொஞ்சம் கேளுங்கள். வேறு யாரும் பேசவில்லையென்றால் பட்டனை அழுத்தி, ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள். அழுத்தும்போதே பேசினால் முதல் சொல் வெட்டுப்படும், அது பெரும்பாலும் படகின் பெயராகத்தான் இருக்கும். மைக் வாயிலிருந்து மூன்று நான்கு விரல் தள்ளி இருக்கட்டும். கத்தினால் குரல் உடையும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று சாதாரணக் குரலில் பேசுங்கள். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். இரைச்சலில் ஏழும் எட்டும் மாறிக் கேட்கும்.

ஆண்டெனா நேராக நிற்க வேண்டும், அதைக் கையால் பிடிக்கக் கூடாது. எழுந்து நின்று பேசினால் தூரம் கூடும், அலையில் படகு தடுமாறும்போது மட்டும் வேண்டாம். ஆண்டெனா 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் ரேடியோ தொடுவானம், அதாவது அலை நேராக எட்டும் எல்லை, சுமார் 6 கிலோமீட்டர். 9 மீட்டர் கம்பத்தில் இருந்தால் 12. இரண்டு பக்கத்துத் தொடுவானமும் சேர்ந்ததுதான் பேசக்கூடிய தூரம். ஆக, கையடக்க செட்டிலிருந்து பெரிய போட்டை எட்டுவது, இன்னொரு கையடக்க செட்டை எட்டுவதைவிட எளிது. பக்கத்தில் பேச 1 வாட் போதும். 5 வாட்டை அவசரத்துக்கு வைத்திருங்கள், பேட்டரி நீண்ட நேரம் வரும்.

உயிருக்கு ஆபத்து என்றால் 16-இல் முழு பவரில், உலகம் முழுக்க ஆபத்து அழைப்புக்கான சொல்லான "மேடே" மூன்று தடவை. பிறகு படகின் பெயர் மூன்று தடவை, ஜி.பி.எஸ். காட்டும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். "ஓவர்" என்று சொல்லிப் பட்டனை விடுங்கள். விடாவிட்டால் பதில் காதில் விழாது. பதில் வராவிட்டால் திரும்பச் சொல்லுங்கள். கரைக்கு அருகில் செல்பேசிக்கு சிக்னல் கிடைத்தால் கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554-க்கும் அழையுங்கள்.

சங்கங்களிடம் கேட்பது இரண்டு. உங்கள் ஊர்ப் படகுகள் பேசிக்கொள்ள எந்தச் சேனல் என்று கூட்டம் போட்டு முடிவு செய்து எல்லோருக்கும் அறிவியுங்கள். ஓட்டுநருக்கு மட்டும் இல்லாமல், படகில் போகும் ஒவ்வொருவருக்கும் இந்த மேடே அழைப்பைச் சொல்லிப் பழக்குங்கள். ஓட்டுநரே கடலில் விழுந்துவிட்டால் செட்டை எடுக்க வேண்டியது அவர்கள்தான்.