‘ரிலாக்ஸ்’ என்றால் ‘தளர்’ என்று போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழின் ஆங்கிலப் பயிற்சிப் பகுதியில் ‘ரிலாக்ஸ்’ என்ற வினைக்கு ‘ஓய்வெடு’ என்று ஒரே பொருள் தந்திருந்தீர்கள். அதை மட்டும் மனப்பாடம் செய்த மாணவர் ‘ரிலாக்ஸ் தி ரூல்ஸ்’ என்று பார்த்தால் முழிப்பார். விதி எங்கே போய் ஓய்வெடுக்கும்? லத்தீனில் ‘லாக்ஸுஸ்’ என்றால் தளர்ந்தது. ‘தளர்’ என்று சொல்லிக்கொடுத்துவிட்டால் தசை, பிடி, மனம், ஊரடங்கு எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

தானாகத் தளர்ந்தால் ‘தளர்ந்தது’, ஒருவர் செய்தால் ‘தளர்த்தினார்’ என்று தமிழ் வினையிலேயே வேறுபாடு தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் தெரியாது. ‘ஹிஸ் கிரிப் ரிலாக்ஸ்ட்’ என்றால் பிடி தளர்ந்தது. ‘ஹி ரிலாக்ஸ்ட் ஹிஸ் கிரிப்’ என்றால் பிடியைத் தளர்த்தினார். பின்னால் செயப்படுபொருள் வருகிறதா என்று பார்ப்பதுதான் வழி. உச்சரிப்பில் அழுத்தம் ‘லாக்ஸ்’ மேல் விழ வேண்டும். ‘ரிலாக்ஸெட்’ என்று இழுக்கக்கூடாது.

காரைக்குடியில் வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் தினமும் பார்க்கும் தொடர் ‘ஏஜ் ரிலாக்ஸேஷன்’. உச்ச வயது 28 என்றால் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டு தளர்த்தி 31, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 5 ஆண்டு தளர்த்தி 33. வரம்பு இருக்கத்தான் செய்கிறது, நீக்கப்படவில்லை. ‘ரிலாக்ஸ்’ வேறு, ‘ரிமூவ்’ வேறு.

இனிப் பிழைகள். ‘ரிலாக்ஸா இருக்கேன்’ என்று தமிழில் பேசிப் பழகியதால் ‘ஐ ஆம் ரிலாக்ஸ்’ என்று வந்துவிடுகிறது. ‘ஐ ஆம் ரிலாக்ஸ்ட்’ என்பதே சரி. ‘ஐ ஆம் வெரி ரிலாக்ஸிங்’ என்றால் நம்மைப் பார்த்தாலே பிறர் மனம் இளகிவிடுகிறது என்று நாமே மெச்சிக்கொள்வதாகிவிடும்! ஊஞ்சல் ‘ரிலாக்ஸிங்’, அதில் ஆடும் ஆச்சி ‘ரிலாக்ஸ்ட்’. அடுத்து ‘டேக் ரிலாக்ஸ்’. இது ‘டேக் ரெஸ்ட்’ பார்த்துப் போட்ட சூடு. ‘ரெஸ்ட்’ பெயராகவும் வரும், ‘ரிலாக்ஸ்’ வராது. ‘ஐ நீட் ரிலாக்ஸ்’ என்பதும் தவறு, நடுவில் ‘டு’ வேண்டும்.

கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் வீடு சுற்றிக்காட்டும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வெயிலில் வந்த வெளிநாட்டுக்காரரிடம் ‘செத்த இளைப்பாறுங்க’ என்று சொல்ல நினைத்து, ‘ரிலாக்ஸ், ரிலாக்ஸ்’ என்கிறார்கள். தனியாக ஏவலாகச் சொன்னால் அது பெரும்பாலும் ‘பதறாதீங்க’ என்றுதான் காதில் விழும். நான் எப்போது பதறினேன் என்று அவர் நினைப்பார். திண்ணையைக் காட்டி ‘ப்ளீஸ் ஹேவ் எ சீட்’ என்றால் போதும். இதே ஏவலைச் செவிலியர் ‘ரிலாக்ஸ் யுவர் ஆர்ம்’ என்று சொன்னால் பொருத்தம், ஏனென்றால் இறுகிய தசையில் ஊசி கூடுதலாக வலிக்கும். எதைத் தளர்த்த வேண்டும் என்பதையும் அவர் சேர்த்தே சொல்லிவிடுகிறார்.

அடுத்த இதழில் திருத்தம் போடுவதானால், பொருளோடு இந்த இரண்டு ‘கிரிப்’ வாக்கியங்களையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
காரைக்குடி.