ஃபெப் அம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஃபெப் பர்ன் அம்மாவுக்கு,

ஊரில் உங்களை ‘மிஸ் ஃபெப்’ என்றுதான் கூப்பிடுவார்களாம். எனக்கு அது வாயில் வரவில்லை. அம்மா என்றே எழுதுகிறேன்.

டென்னசி மாநில வரலாற்றைப் புரட்டினால், 1796-ல் அமெரிக்காவின் 16வது மாநிலமாகச் சேர்ந்தது, 1925-ல் உங்களுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் டேட்டனில் பள்ளியில் பரிணாமப் பாடம் நடத்தியதற்காக நடந்த வழக்கு, 1968-ல் மெம்ஃபிஸில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டது என்று போகும். நடுவில் 1920-க்கு ஒரு வரி: அம்மா கடிதம் போட்டார், மகன் ஓட்டை மாற்றினான். அந்த வரியோடுதான் எனக்குச் சண்டை.

பெண்களுக்கு வாக்குரிமை தரும், அமெரிக்க அரசியல் சட்டத்தின் 19வது திருத்தத்துக்கு 36 மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும், 35 வந்துவிட்டது. அடுத்து டென்னசியின் முறை. அந்த ஆகஸ்ட்டில் தலைநகர் நாஷ்வில்லில் ஆதரவாளர்கள் மஞ்சள் ரோஜா, எதிர்ப்பவர்கள் சிவப்பு ரோஜா குத்திக்கொண்டு திரிந்தார்கள். மதுவிலக்குக் காலம்தான், ஆனாலும் ஹெர்மிடேஜ் ஹோட்டலில் விஸ்கிக்குப் பஞ்சமில்லை. (எந்த ஊர் அரசியலும் இப்படித்தான் போல.) சட்டசபை உறுப்பினரான உங்கள் மகன் ஹாரிக்கு 24 வயது. தொகுதியில் எதிர்ப்பு, சீக்கிரமே தேர்தல். சட்டையில் சிவப்பு ரோஜா.

18ஆம் தேதி, தீர்மானத்தைக் கிடப்பில் போடுவதா என்று வாக்கெடுப்பு. போடலாம் என்றார் ஹாரி. 48-48. மறுபடி எடுத்தார்கள், அதே 48-48. சரி, தீர்மானத்தின் மீதே ஓட்டு என்று பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஹாரியின் முறை வந்ததும் “ஆம்” என்றார். ரோஜா சிவப்பாகவே இருந்தது. பைக்குள் உங்கள் கடிதம். ஜன்னல் வழியாகத் தப்பி, பரண் அறையில் ஒளிந்தார் என்றொரு கதை உண்டு. நான் அதை அவ்வளவாக நம்பவில்லை.

அந்தக் கடிதத்தைத்தான் சொல்ல வந்தேன். ஏழு பக்கம், பென்சிலில். ஊரில் விடாத மழை, வீட்டுச் சேதி. ஊடே, ஓட்டுரிமைக்கு ஆதரவாகப் போடு, அவர்களைச் சந்தேகத்தில் வைக்காதே என்று சட்டென்று ஒரு வரி. திருத்தத்தை எதிர்த்த செனட்டர் கேண்ட்லரின் பேச்சு கசப்பாக இருந்தது என்று ஒரு விமர்சனம். நீ எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இன்னும் ஒன்றும் காணோம் என்று ஒரு குத்தல். கடைசியில்தான், எல்லாரும் மேற்கோள் காட்டும் “நல்ல பிள்ளையாக இரு”. அதோடு வாக்குரிமை இயக்கத் தலைவர் கேரி சாப்மன் கேட் அம்மையாரின் பெயரை வைத்து ஒரு பூனை-எலி சிலேடை வேறு.

தினமும் பேப்பர் படித்து, சட்டசபையில் யார் என்ன பேசினார் என்று கணக்கு வைத்திருந்த ஒருவர் எழுதியது இது. பாசமுள்ள அம்மாவின் புத்திமதி என்று மட்டும் இதைச் சொன்னால் எனக்குக் கோபம் வராதா? மகனும் மறுநாள் சபையில், தாய் சொல்வதைக் கேட்பதே பிள்ளைக்குப் பத்திரம் என்றுதான் விளக்கம் கொடுத்தார். சபையில் எடுபடுகிற பேச்சு! பிற்பாடுதான் உள்ளதைச் சொன்னார்: கல்லூரியில் படித்த என் அம்மாவுக்கு ஓட்டு இல்லை, எங்கள் நிலத்தில் குத்தகைக்கு உழுத, கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கும் இருந்தது என்று.

2018-ல் நாக்ஸ்வில்லில் உங்கள் இருவருக்கும் சிலை வைத்தார்கள். ஹாரி உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள்.

எனக்கு ஒரே ஒரு ஆசை. ஓட்டு முடிந்த பிறகு, லூசியானா முன்னாள் ஆளுநரின் மனைவி நயோட்டாவில் உங்கள் வீடு தேடி வந்து, கடிதம் பொய் என்று எழுதித் தரச் சொல்லி நச்சரித்தாரே. கடிதம் என்னுடையதுதான் என்று தந்தி அடித்தீர்கள். அந்த அம்மாளை வீட்டை விட்டு அனுப்புவதற்குள் பெரும்பாடாகிவிட்டது என்றும் அதில் சேர்த்தீர்கள். என்ன சொல்லி அனுப்பினீர்கள் அம்மா?

அன்புடன்,
உங்கள் வாசகி