மலையை இரண்டாக்கிய சாலை

அன்புள்ள முருகேசா,

கண்புரை அறுவை முடிந்து, சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கிடந்தேன். அதனால்தான் பதில் எழுதத் தாமதம். கோபிக்காதே.

லெபனான் மலையில் மாரோனியக் கிறிஸ்தவர்களும், இஸ்லாமிலிருந்து கிளைத்த தனிச் சமயத்தாரான துரூஸ்களும் தலைமுறை தலைமுறையாகவே பகையாளிகளா என்று கேட்டிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெற்கே துரூஸ் பிரபுக்களின் நிலத்தில் கிறிஸ்தவக் குடியானவர்கள்தான் உழுதார்கள். 1838இல் கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்து தெற்கு சிரியாவின் ஹவ்ரான் பகுதித் துரூஸ்கள் கிளம்பியபோது, அவர்களை அடக்க, ஒட்டோமான்களிடமிருந்து அந்தப் பகுதியைப் பிடித்து வைத்திருந்த எகிப்திய ஆட்சி மலைக் கிறிஸ்தவர்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது. அந்தப் புண் ஆறவே இல்லை. 1841இலேயே மலையிலுள்ள தைர் அல் கமர் ஊரில் இரு தரப்பும் மோதி ரத்தம் சிந்தியது.

அப்புறம் வந்த ஏற்பாடு இன்னும் மோசம். எகிப்தியர் வெளியேறியதும் திரும்பி வந்த ஒட்டோமான் (துருக்கிய) அரசு, ஐரோப்பிய வல்லரசுகளின் யோசனைப்படி 1843இல் மலையை இரண்டாக்கியது. பெய்ரூட்–டமாஸ்கஸ் சாலைக்கு வடக்கே கிறிஸ்தவ அதிகாரி, தெற்கே துரூஸ் அதிகாரி. தெற்கில் கிறிஸ்தவர்களும் ஏராளமாக இருந்தார்களே, அவர்கள் யாருடைய குடிகள்? பிரான்ஸ் ஒரு பக்கம், பிரிட்டன் மறுபக்கம் நின்று கொம்பு சீவிவிட்டார்கள்.

இதில் என்னை உலுக்கியது மலையின் வடபாதியிலுள்ள கிஸ்ரவான் பகுதிதான். 1858இல் அங்கே எழுந்த கலகத்தில் மதமே இல்லை. மாரோனியக் குடியானவர்கள், காஸின் என்ற மாரோனியப் பிரபுக் குடும்பத்தையே விரட்டினார்கள். தலைவர் தான்யூஸ் ஷாஹீன், கோவேறு கழுதை ஓட்டியவர். அந்தத் துணிச்சல் தெற்கே பரவியபோது எதிரே நின்ற பிரபு துரூஸ். அவ்வளவுதான், குத்தகைச் சண்டை மதச் சண்டையாகிவிட்டது.

1860 கோடையில் இரு பக்கமும் ஊர்கள் எரிந்தாலும், பெரும் இழப்பு கிறிஸ்தவர்களுக்கு. ஹஸ்பையா என்ற ஊரில் கிறிஸ்தவர்களுக்குப் பாதுகாப்புத் தருவதாகச் சொல்லி ஆயுதங்களை வாங்கிக்கொண்ட ஒட்டோமான் படை, படுகொலையைத் தடுக்கவில்லை. ஜூலை 9இல் டமாஸ்கஸிலும் வெறி மூண்டது. அங்கே ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர் யார் தெரியுமா? பிரான்ஸை எதிர்த்து வருடக்கணக்காகப் போரிட்டுத் தோற்ற அல்ஜீரிய எமிர் அப்துல் காதிர்!

1861இல் மலைக்குத் தனி நிர்வாகம் அமைத்து, தாவூத் பாஷா என்ற ஆர்மீனியக் கத்தோலிக்கரை ஆளுநராக்கினார்கள். உள்ளூர்க்காரர் வேண்டாம் என்று அப்போதுதான் உறைத்தது போலும்.

சரி, தை மாதம் பேரனுக்குக் காது குத்து. தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு வா. உன் பழைய அட்லஸை மறக்காதே. அந்தச் சாலை எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது என்று புதுக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
சுந்தரம்