ஆறு மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது

ஆசிரியருக்கு வணக்கம்.

முதியோர் இல்லங்களில் நடக்கும் கொடுமைகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அடி, திட்டு, சொத்தை எழுதி வாங்குவது என்று எல்லாம் இருந்தது. தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெரியம்மாவுக்கு 81 வயது. பெரியப்பாவின் மத்திய அரசு வேலைக்காக டெல்லி வந்தவர், பிள்ளைகள் இல்லை. நாற்பது வருஷம் கரோல் பாகில் காய்கறிக்காரரிடம் ஹிந்தியில் பேரம் பேசி, கொத்துமல்லியையும் பச்சை மிளகாயையும் சும்மா வாங்கி வந்தவர். மறதி நோய் வந்ததும் முதலில் போனது அந்த ஹிந்திதான். பின்னால் கற்ற மொழி முன்னால் கழன்றுவிடுவது இந்த நோயில் அடிக்கடி நடக்குமாம், டாக்டர் சொன்னார். வீட்டில் சமாளிக்க முடியாமல் தெற்கு டெல்லியில் ஓர் இல்லத்தில் சேர்த்தோம். மாதம் 38,000 ரூபாய். டயப்பர் செலவு தனி.

முதல் வருஷம் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப்பகுதியான மதராசி கேம்ப்பிலிருந்து வந்த ஓர் அம்மா அங்கே ஆயாவாக இருந்தார், விழுப்புரம் பக்கத்துக்காரர். "பாட்டி, வாய் கொப்புளிச்சியா?" என்று அவர் கேட்டால் பெரியம்மாவிடமிருந்து பதில் வரும். 2025 ஜூன் 1-ஆம் தேதி அந்தக் கேம்ப்பை இடித்தார்கள். அவருக்கு நரேலாவில் வீடு கொடுத்தார்கள். நகரத்தின் மறுகோடி. பஸ் மாறி மாறி வந்து கட்டுப்படியாகாமல் வேலையை விட்டுவிட்டார்.

நாங்கள் பார்க்கப் போவது ஞாயிறு பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை. இல்லத்தின் விதி அப்படி. போகும்போதெல்லாம் பெரியம்மா குளித்து, பவுடர் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் ஆர்.கே. புரம் முருகன் கோயிலான மலை மந்திரிலிருந்து திரும்பும் வழியில், கையில் பிரசாதம் இருக்கிறதே என்று ராத்திரி எட்டு மணிக்குப் போய் நின்றேன். வாசலிலேயே இருபது நிமிஷம் நிறுத்திவைத்தார்கள். சத்தம் போட்ட பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

வலது மணிக்கட்டைப் பழைய துப்பட்டாவால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் ஜக் எட்டாத தூரத்தில், ஜன்னல் திண்டில். பல் செட் ஆபீஸ் மேஜை டிராயரில் இருந்தது, தொலைந்துவிடும் என்று எடுத்து வைத்தார்களாம். "மாத்தாஜி ராத்திரி பூரா மந்திரம் சொல்லிக்கிட்டே இருப்பாங்க" என்றாள் அங்கிருந்த பெண், ஹிந்தியில். குனிந்து காதை வைத்துக் கேட்டேன். "தண்ணி. கொஞ்சம் தண்ணி."

ஆறு மணிக்கு மேல் தண்ணீர் கொடுத்தால் ராத்திரிக்கு ஒரு டயப்பர் போதாது. கணக்கு அவ்வளவுதான். தண்ணீர் குறைந்தால் சிறுநீரில் கிருமி வரும். இந்த வயதில் அது காய்ச்சலாகத் தெரியாமல் புத்தித் தடுமாற்றமாகவே வரலாம். தடுமாறினால் கத்துவார்கள். கத்தினால் தூக்க மாத்திரை, கட்டு. பெரியம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சோதனையில் வந்ததும் கிருமித் தொற்றுதான். நோய் முற்றிவிட்டது என்று இரண்டு மாதமாக எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நாங்களும் நம்பினோம். "கீழே விழாமல் தேவையான பாதுகாப்பு" என்று சேர்க்கும்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். படிக்காமல் போட்டவள் நான்தான்.

அந்தப் பெண்ணை மட்டும் குற்றம் சொல்ல மனசு வரவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணி நேரம், பதினான்கு பேருக்கு அவள் ஒருத்தி. ஆனால் அன்றைக்கு அவளைத்தான் திட்டினேன்.

2025 ஜூன் கடைசியில் பக்கத்து நொய்டாவில் ஓர் இல்லத்திலிருந்து சுமார் 40 முதியவர்களை மீட்டார்கள். அங்கே ஒரு மூதாட்டியின் கைகள் கட்டப்பட்டிருந்த வீடியோ வெளியே வந்த பிறகுதான் அதிகாரிகள் கதவைத் தட்டினார்கள்.

2007-ஆம் வருஷ முதியோர் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். பெற்றோரை எங்காவது கைவிட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை, இல்லை 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரி. பணம் வாங்கிக்கொண்டு கட்டிப்போடுகிறவரை என்ன செய்வது? இல்லங்களைப் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்ச வசதிகள் இருக்க வேண்டும் என்றெல்லாம் சொன்ன திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனது. 2024-இல் அவை கலைந்தபோது அதுவும் காலாவதியானது. டெல்லியில் தனியாக இருக்கும் முதியவர் போலீசில் பதிவு செய்துகொண்டால், அந்தப் பகுதியில் ரோந்து வரும் பீட் கான்ஸ்டபிள் வீட்டுக்கே வந்து நலம் விசாரிப்பார். எங்கள் எதிர்வீட்டு மாமாவுக்கு வருகிறார், டீ கூடச் சாப்பிட்டுப் போகிறார். அதே ஆள் இல்லத்துக் கதவையும் ராத்திரியில் சொல்லாமல் தட்டினால் என்ன?

14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. கட்டப்பட்ட கையால் அதை யார் அழுத்துவது?

பெரியம்மா இப்போது எங்களோடு இருக்கிறார். ஆர்.கே. புரத்திலும் மயூர் விஹாரிலும் கோயில் திருப்பணிக்கு ஓடியாடும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ் பேசும் வயதானவர்கள் இருக்கிற இல்லங்களுக்கு, ஞாயிறு தவிர்த்து வாரம் ஒரு நாள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போய் அரை மணி நேரம் பேசிவிட்டு வர ஆள் சேருங்கள். பட்டியல் போட்டால் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளலாம். முகவரி ஆசிரியரிடம் இருக்கிறது.

– ஒரு வாசகி, லாஜ்பத் நகர், புதுடெல்லி